சிறப்புப் பள்ளி வண்டி ஓட்ட வருகிறீர்களா? நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னீர்பள்ளத்தில் ஒரு ஏக்கர் வாழை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டினேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கும் சென்னைக்கும் போன காலம் அது. 2018 ஜூன் முதல் பாளையங்கோட்டையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளியின் வேனைக் காலையும் மாலையும் ஓட்டுகிறேன். பதினான்கு பிள்ளைகள், உதவியாளர் அக்கா ஒருவர், நான். இந்த வேலைக்கு வரலாமா என்று யோசிக்கிற ஓட்டுநர்கள் டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் என்னை நிறுத்திக் கேட்டவற்றுக்கும், பெற்றோர் கேட்ட சிலவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பகுதிநேரம் என்கிறார்கள். உண்மையில் எத்தனை மணி நேரம்?

காகிதத்தில் நான்கு மணி நேரம். என் நாளைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்குப் பள்ளி வளாகத்தில் இருக்க வேண்டும். டயர், பிரேக், விளக்கு, சக்கர நாற்காலி ஏற்றும் சாய்தளம், பெல்ட் கொக்கிகள் எல்லாவற்றையும் பார்க்க இருபது நிமிடம் ஆகும். 6.40க்கு கே.டி.சி. நகரில் முதல் பிள்ளை. பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மேலப்பாளையம் என்று சுற்றிப் பள்ளிக்கு வரும்போது 9 மணி. பிற்பகல் 2.30க்கு மறுபடியும் வண்டியை எடுத்தால், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு உள்ளே கூட்டித் துடைத்து நிறுத்தும்போது 5.30. ஆறு மணி நேரம் ஆகிவிட்டது.

நடுவில் கிடைக்கிற ஐந்தரை மணி நேரம்தான் இந்த வேலையின் வரவு. நான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். இந்தச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வண்டி ஓடாது. அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, பாதியா, ஒன்றுமே இல்லையா என்று சேருகிற அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு நான் கேட்கவில்லை. மே மாதம் கடன் வாங்கித்தான் உரம் போட்டேன்.

இரவில் ஆம்னி பஸ் ஓட்டிவிட்டுக் காலையில் பள்ளி வண்டிக்கு வரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வரக்கூடாது. தூங்காத கண்ணோடு லாரியை எடுத்தவன் நான், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

என்ன உரிமம் வேண்டும்?

வண்டியைப் பொறுத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற வேன் என்றால் இலகுரக வாகன உரிமமே சட்டப்படி போதும். 2017ல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று அதை மறுபடியும் உறுதி செய்தது. பெரிய பஸ் என்றால் கனரக உரிமம் வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கான உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் உரிமம் மட்டும் இருந்தால் போதாது. பள்ளி வாகனம் ஓட்டுபவருக்குக் கனரக வாகனத்தில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997லேயே நிபந்தனை வைத்தது. சிக்னலை மதிக்காமல் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கட்டியவரையும், அதிவேகத்துக்கோ குடித்துவிட்டு ஓட்டியதற்கோ ஒரே ஒரு முறை பிடிபட்டவரையும் வேலைக்கு எடுக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் சென்னைக்குப் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்துபோனாள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது வண்டியின் முன்னும் பின்னும் கேமரா இருக்க வேண்டும், சென்சாரும் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து, காவல், கல்வி, தீயணைப்புத் துறை அதிகாரிகள் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். அன்றைக்கு ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனையும் நடப்பதுண்டு. தட்டிக்கழிக்காமல் போய்விடுங்கள். ஒரு நண்பருக்குக் கண்ணில் புரை இருந்தது அங்கேதான் தெரிந்தது.

இன்னொன்று. வெள்ளை நம்பர் பலகை போட்ட சொந்தக் காரில் பிள்ளைகளைக் கட்டணத்துக்கு ஏற்றிப் போகச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும்.

சாதாரணப் பள்ளிப் பேருந்து ஓட்டியவனுக்கு இதில் புதிதாகப் பழக என்ன இருக்கிறது?

பிரேக். முதலில் அதுதான்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கிற வலு இருக்காது. நீங்கள் பிரேக்கை அழுத்தும்போது மற்ற பிள்ளைகள் கால் ஊன்றிக்கொள்வார்கள், கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பிள்ளையின் தலை மட்டும் முன்னால் போய்ப் பின்னால் வரும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் இணைப்பு தளர்வாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, ஆனால் ஒரு திடீர்க் குலுக்கல் தண்டுவடத்தையே பாதிக்கலாம். லாரியில் எனக்குப் பின்னால் இருந்தது வாழைத்தார். வேனில் சேர்ந்த முதல் வாரம் ஒரு தாய் என்னிடம், “அண்ணாச்சி, வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மணி நேரம் கழுத்தைத் தொடவே விடமாட்டேன் என்கிறான்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியில் ஒரு தூக்குவாளி நிறையத் தண்ணீரைத் தரையில் வைத்து வழி முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். பாதித் தண்ணீர் சிந்தியது. நான்கு ஞாயிறு ஓட்டினேன். எங்கள் தடத்தில் முப்பத்தொரு வேகத்தடைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்பதுக்கு வெள்ளைக் கோடு கிடையாது. அத்தனையும் இப்போது என் காலுக்குத் தெரியும். முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் இடைவெளி விட்டு, காலை ஆக்சிலேட்டரிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டால் பாதி இடத்தில் பிரேக்கே தேவைப்படாது. அந்த இடைவெளிக்குள் ஷேர் ஆட்டோ நுழையும். நுழையட்டும், மறுபடியும் இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது, நேரம். சாதாரணப் பேருந்தில் பிள்ளை ஏற அரை நிமிடம் போதும். இங்கே ஒரு நிறுத்தத்தில் நான்கு நிமிடம் ஆகும், சில நாள் எட்டு. பின்னால் நிற்கிற வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார், திட்டுவார். நீங்கள் கண்ணாடியைப் பார்த்து ஒரு கையை உயர்த்திவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவசரப்படுத்தப்பட்ட பிள்ளை மறுநாள் வண்டியில் ஏற மறுக்கும், அதைச் சரிசெய்ய ஒரு வாரம் பிடிக்கும்.

சக்கர நாற்காலியை எப்படி ஏற்றுவது, எப்படிக் கட்டுவது?

சாய்தளத்தில் ஏற்றும்போது பிள்ளையின் முகம் வண்டிக்குள் பார்த்திருக்க வேண்டும், நீங்கள் பின்னாலிருந்து தள்ளுகிறீர்கள். இறக்கும்போது பின்பக்கமாக இறக்க வேண்டும். நீங்கள் முதலில் இறங்கி, நாற்காலியின் பாரத்தை உடம்பில் தாங்கிக்கொண்டு மெல்லப் பின்னோக்கி வரவேண்டும். முகம் முன்னால் பார்க்க இறக்கினால் பிள்ளை சரிந்து விழும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வந்ததும் நாற்காலி வண்டி போகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்தினால் இரண்டு நாற்காலிக்கு இடம் கிடைக்கிறது என்று சிலர் செய்கிறார்கள், செய்யாதீர்கள். நாற்காலியின் சொந்த பிரேக்கைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்ட வேண்டும். பட்டையைச் சக்கரத்தில் மாட்டக்கூடாது, சட்டகத்தில் மாட்ட வேண்டும். இது நாற்காலிக்கான கட்டு. பிள்ளைக்குத் தனியாக ஒரு பெல்ட் வேண்டும், அது வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். நாற்காலியோடு வரும் மேசைப்பலகையைக் கழற்றிக் கீழே வையுங்கள். எல்லாம் முடிந்ததும் நாற்காலியைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் கிளம்பாதீர்கள்.

தொடுவதற்கு முன்னால் பிள்ளையிடம் சொல்லுங்கள். “இப்போது பெல்ட் போடப் போகிறேன், கையைத் தூக்கு” என்று சொல்ல இரண்டு நொடி ஆகும். பேசாத பிள்ளையிடமும் சொல்லுங்கள். பேசாதவர்களுக்குக் கேட்பதில்லை, புரிவதில்லை என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் பெரிய பிழை. பெண் பிள்ளைகளைத் தூக்குவது, உடை திருத்துவது எல்லாம் உதவியாளர் அக்காவின் வேலை. நெருக்கடி நேரம் தவிர அதில் கை வைக்காதீர்கள்.

ஓடுகிற வண்டியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால்?

இடது பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். உடனே மணியைப் பாருங்கள், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதுதான் பின்னால் மருத்துவர் கேட்கிற முதல் கேள்வி. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வைத்து, சட்டைக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். உதறுகிற கையையும் காலையும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் துணியோ ஸ்பூனோ விரலோ வைக்கக்கூடாது. தண்ணீர் கொடுக்கக்கூடாது. சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளை என்றால் பெரும்பாலும் இறக்க வேண்டியதில்லை. தலையைத் தாங்கி, எச்சில் வெளியே வடியும்படி சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும்.

சாலையோரத்தில் நிறுத்திய அடுத்த நொடி நாலு பேர் வந்துவிடுவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். ஒருவர் சாவிக்கொத்தை நீட்டுவார், இன்னொருவர் பக்கத்து இறைச்சிக் கடையிலிருந்து இரும்புக் கத்தியையே எடுத்து வருவார். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்துவிட்டால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இரும்பு எதையும் செய்யாது, கையில் குத்தத்தான் குத்தும். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், “ஐயா, கொஞ்சம் காற்று வர விடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தை விலக்க அவர்களையே நிறுத்திவிட்டால் உதவியாகவும் இருப்பார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒன்று நின்று நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ, மூச்சு சரியாக இல்லையென்றாலோ 108. எங்கள் தடத்தில் பாதி இடத்திலிருந்து ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை பக்கம்தான். அப்படியும் நானாக ஓட்டிக்கொண்டு போகாமல் 108ஐத்தான் அழைக்கிறேன், ஏனென்றால் வண்டியில் இன்னும் பதின்மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்?

ஹாரனைக் குறையுங்கள். நான் எந்த வீட்டு வாசலிலும் ஹாரன் அடிப்பதில்லை. தெரு முனைக்கு வந்ததும் அக்கா அலைபேசியில் இரண்டு முறை மணி அடிக்க விட்டு அழைப்பைத் துண்டிப்பார், அதுவே அறிகுறி. சில பிள்ளைகளுக்கு நம் காதுக்குச் சாதாரணமாகத் தெரிகிற சத்தம் தாங்கவே முடியாத வலியாக இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளையைச் சேட்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, ஒரே மாதிரி. ஒரே இருக்கை, ஒரே வரிசை, ஒரே வழி. எங்கள் வண்டியில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவான். ஒரு தெரு மாறினால் அவன் உலகம் கலைந்துவிடும். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தால் மற்ற பிள்ளைகளுக்குத் தவிப்பு, அவனுக்கோ கொண்டாட்டம், ரயில் பெட்டிகளை எண்ணுவான். அதனால் கேட் மூடியிருக்கிறது என்று தெரிந்தாலும் நான் சுற்று வழியில் போவதில்லை, காத்திருக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அக்கா கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்.

வழி மாறியே தீரும் நாட்கள் உண்டு. ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம் என்றால் டவுனுக்குள் நுழைய முடியாது. தசரா நாட்களில் பாளையங்கோட்டையில் சப்பரங்களும் மேளமும் இருக்கும். இவை முன்பே தெரிந்தவை என்பதால் இரண்டு நாள் முன்னாலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். ஆசிரியை படம் வரைந்து, “நாளைக்கு வண்டி இந்தப் பக்கம் போகும்” என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார். நான் அந்தப் படத்தின் நகல் ஒன்றை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். ஏறும்போது அந்தப் பையன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்காருவான்.

முன்பே தெரியாமல் வந்தது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். தாமிரபரணி ஏறி, வண்ணார்பேட்டை வரை தண்ணீர் நின்றது. பள்ளி திறந்தபோது இரண்டு பிள்ளைகள் உறவினர் வீடுகளில் இருந்தார்கள், பழைய வழியில் பாதி சேறாகக் கிடந்தது. அந்த வாரம் முழுவதும் அந்தப் பையன் அழுதுகொண்டேதான் வந்தான். ஒன்றும் செய்ய முடியவில்லை. கூடவே அழாமல் ஓட்டிக்கொண்டு போனதுதான் என்னால் முடிந்தது.

காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகள்?

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் இங்கே நூறாண்டு தாண்டிய பள்ளிகள் இருக்கின்றன. காது கேளாத பிள்ளையிடம் பேசும்போது முகத்தைத் திருப்பாமல், உள் விளக்கைப் போட்டுப் பேசுங்கள். ஏறு, இறங்கு, பெல்ட், பொறு, வலிக்கிறதா என்ற ஐந்து சைகைகளைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்லித் தருவார்கள். பார்வையற்ற பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், படி எத்தனை என்று சொல்லுங்கள்.

பிள்ளை அடித்தால், கடித்தால், பெல்ட்டைக் கழற்றினால்?

வண்டியை நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து அதட்டுவது இரண்டு வகையில் ஆபத்து. நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். வெயில் முகத்தில் அடிக்கலாம், பக்கத்துப் பிள்ளையின் பை உரசலாம், டயப்பர் நனைந்திருக்கலாம், இரவு தூங்காமல் இருந்திருக்கலாம். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை கையால் சொல்கிறது. பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி வாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு சிறுமி தினமும் ஒரே திருப்பத்தில் பக்கத்துப் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுப்பாள். இரண்டு வாரம் எழுதிய பிறகுதான் புரிந்தது, அந்தத் திருப்பத்தில் அவள் சரிகிறாள், பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை. ஒரு கைப்பிடி பொருத்தினோம். அதோடு நின்றது.

உதவியாளர் வராத நாளில் தனியாக ஓட்டலாமா?

கூடாது. பள்ளி சொன்னாலும் கூடாது. வேறு ஆள் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

“கடைசி இருக்கைவரை நடந்து பாருங்கள்” என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களாமே, ஏன்?

2019 ஜூலையில் நான் செய்த தவற்றால். அன்று வழக்கமான அக்காவுக்குப் பதில் புதியவர் ஒருவர் வந்திருந்தார். பள்ளியில் எல்லோரையும் இறக்கினோம். எண்ணியது அவர் என்று நான் நினைத்தேன், நான் எண்ணியிருப்பேன் என்று அவர் நினைத்தார். வண்டியைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினேன். பாதி வழியில் தூக்குவாளியை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். கதவைத் திறந்தால் கடைசி இருக்கைக்கும் பைகளுக்கும் நடுவில் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தாள் எட்டு வயதுச் சிறுமி. பேச வராது, கதவைத் தட்டவும் தெரியாது. பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கண் விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பள்ளியிலும் அவள் வீட்டிலும் அன்றே நானே போய்ச் சொன்னேன். அவள் அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

ஜன்னல் மூடிய வண்டி நம் ஊர் வெயிலில் சில நிமிடத்திலேயே அடுப்பாகிவிடும். டோபிராமேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் வியர்வையையும் குறைத்துவிடும், அந்த மருந்து சாப்பிடுகிற பிள்ளையின் உடம்பு சூட்டைத் தாங்காது. அன்றிலிருந்து என் தூக்குவாளியைக் கடைசி இருக்கைக் கொக்கியில்தான் மாட்டுகிறேன். அதை எடுக்க நடந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு இருக்கையிலும் கை வைத்து, குனிந்து அடியில் பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்கிறேன். அக்காவும் தனியாக எண்ணுகிறார். இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.

மாலையில் இறக்கிவிடும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால்?

பிள்ளையை விட்டுவிட்டு வரக்கூடாது, பக்கத்து வீட்டில் ஒப்படைக்கவும் கூடாது. யாரிடம் கொடுக்கலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாதவர் மாமா என்று சொன்னாலும் சித்தப்பா என்று சொன்னாலும் கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொள்வார்கள். தொலைபேசியில் அழைத்து ஐந்து நிமிடம் பார்ப்போம், யாரும் வரவில்லையென்றால் மீதிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மறுபடி பார்ப்போம், அப்போதும் இல்லையென்றால் பள்ளிக்கே அழைத்து வருவோம். எங்கள் தடத்தில் பல தாய்மார் பீடி சுற்றிக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள், கணக்கு முடிக்க நேரமாகிவிடும். அதனால் வீட்டுக்கு இரண்டு மாற்று ஆட்களின் பெயராவது வாங்கி வையுங்கள்.

பிள்ளையின் உடம்பில் காயத்தைப் பார்த்தால்?

தேதி போட்டு எழுதுங்கள். பள்ளித் தலைமையிடம் அன்றே சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் சொல்வதும் சொல்லாததும் நம் விருப்பம் அல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் ஒவ்வொருவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். பேச முடியாத பிள்ளைக்கு வீட்டையும் பள்ளியையும் தவிர தினமும் பார்க்கிற மூன்றாவது ஆள் நாம்தான். நம் பின்புலத்தைப் போலீஸ் விசாரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான், அதற்காக வருத்தப்படாதீர்கள்.

பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா?

போடக்கூடாது. பிறந்தநாளாக இருந்தாலும் கூடாது. மிட்டாயும் கொடுக்காதீர்கள், விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும்.

நான் ஒரு தாய். என் பிள்ளைக்கு வண்டி கேட்க உரிமை இருக்கிறதா?

இருக்கிறது அம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ன் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதி செய்ய வேண்டும் என்கிறது. மிகுதியான துணை தேவைப்படும் பிள்ளை என்றால் உடன் வருபவருக்கும் சேர்த்தே சொல்கிறது. 31ஆம் பிரிவு, நாற்பது சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையைத் தருகிறது. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப்படியும் துணையாள்படியும் இருக்கின்றன. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். அரசுப் பேருந்தில் இலவசமாகப் போவதற்கான அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போகவேண்டும். எதற்கும் முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்துவிடுங்கள்.

தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் விசாரித்துப் பாருங்கள். 1975ல் கடற்படைக்கான உடல்திறன் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் என்பவர் 1981ல் அதைத் தொடங்கினார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த வேலையில் மனம் தாங்காத நாள் உண்டா?

உண்டு. தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு வலு இழப்பதைப் படியில் பார்ப்போம். முதல் ஆண்டு தானே ஏறியவன், அடுத்த ஆண்டு கையைப் பிடித்தான், அதற்கடுத்து சக்கர நாற்காலியில் வந்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெருமாள்புரத்துப் பையன் ஒருவன் இறந்துபோனான். பதினேழு வயது. கிரிக்கெட் ஸ்கோரை எனக்குச் சொல்லிக்கொண்டே வருவான். மறுவாரம் அந்த வீட்டைத் தாண்டி வண்டியை ஓட்டினேன். கடைப் பலகை படிக்கும் பையன் எழுந்து நின்று, “நிற்க வேண்டும், நிற்க வேண்டும்” என்று கத்த ஆரம்பித்துவிட்டான். வண்டி அங்கே நிற்பது அவன் வரிசையில் ஒன்று. அந்த வீட்டில் போய்க் கேட்டேன், நிறுத்தினால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா என்று. அந்த அம்மா நிறுத்தச் சொன்னார். இப்போதும் 7.10க்கு அரை நிமிடம் நிற்கிறோம். சில நாள் அவர் வாசலுக்கு வந்து பிள்ளைகளுக்குக் கை அசைப்பார்.

ஒரு நாள் கூட வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

அதுதான் சரியான வழி. பள்ளியில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திங்கட்கிழமை வேண்டாம், விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு அன்று கடினமான நாள். புதன் அல்லது வியாழன் வாருங்கள். செண்ட் பூசாமல், அலைபேசியை அணைத்து, 6 மணிக்கு வளாகத்தில் இருங்கள். ஏறியதும் எங்கே உட்காரலாம் என்று அக்காவிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். காலியாகத் தெரிகிற இருக்கைக்கும் எங்கள் வண்டியில் ஆள் உண்டு.